பிரேம்நாத்தை இன்னும் தேட வேண்டும்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, விமானப் படையிலிருந்து வந்திருக்கும் பயிற்சியாளர் ராமமூர்த்தி அவர்களே, கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கும் என் தொழிலாளத் தோழர்களே, மாதனூர் மக்களே!

ஷூ தொழிற்சாலைச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தார்கள். எத்தனையோ மேடை ஏறிய இந்த அப்துல் வஹாபுக்கு இன்று ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. 'மறைந்த பிரேம்நாத்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்கே மறைந்தான்? யார் பார்த்தார்கள்?

பிளையிங் ஆபீசர் பிரேம்நாத்! எங்கள் தையல் பிரிவுத் தங்கை சோபனாவின் ஒரே மகன். கல்லூரி விடுமுறையில் எங்களோடு வேலைக்கு வந்தவன். ஒருநாள் நம் தோழர் நவீதின் சட்டைக்கை மெஷினில் மாட்டிக்கொள்ள, அது கையை உள்ளே இழுத்தது. நாங்கள் எல்லாரும் கத்தினோம். அவன் ஒருவன்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அதோ, தப்பிய அந்தக் கையால்தான் நவீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

"பயமா இல்லியாடா?" என்று அப்போது கேட்டேன்.

"இப்பதான் பாய் நடுங்குது" என்றான்.

படிப்பு முடிந்ததும் விமானப் படையில் சேர்ந்தான். போர் மூண்டது. பயிற்சியைத் துரிதப்படுத்தினார்கள். போன மாதம் கடலுக்கு மேலே பறந்தபோது என்ஜின் நின்றுபோனது. குதித்தாக வேண்டும். பக்கத்து இருக்கையில் இருந்த ராமமூர்த்தி அவர்களின் பெல்ட் சிக்கிக்கொண்டது. "நீ குதி, இது உத்தரவு!" என்று கத்தியிருக்கிறார்.

"அப்புறம் தண்டனை குடுங்க சார்" என்று சொல்லி, பெல்ட்டை அறுத்து, அவரை வெளியே தள்ளிவிட்டிருக்கிறான் பிரேம்நாத். பாராசூட்டில் இறங்கிய அவரை மீனவர்கள் தூக்கினார்கள். விமானம் விழுந்ததை அவர் பார்த்தார். பிரேம்நாத் குதித்ததை யாரும் பார்க்கவில்லை.

"சண்டையிலயா செத்தான், டிரெயினிங்லதானே?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். ஐயா, உயிரில் அசல் வேறு, ஒத்திகை வேறு என்று உண்டா?

தேடினார்கள். பிறகு, போர் நேரம், கப்பல்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். இந்தக் கூட்டத்தில் சோபனா இல்லை, கவனித்தீர்களா? அழைக்கப் போன என்னிடம் அவள் கேட்டாள்: "அவங்க தேடறத வுட்டுட்டாங்க. நீங்களும் கூட்டம் போட்டு முடிச்சிடப் போறீங்களா பாய்?"

தலை குனிந்து திரும்பி வந்தேன். மேடை ஏறும் முன் இதை ராமமூர்த்தி அவர்களிடம் சொன்னேன். "எங்க கூப்பிட்டாலும் வர்றேன். கடல்ல எந்த இடம்னு நானே காட்டறேன்" என்றார்.

அது போதும் தோழர்களே! திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். மறுபடி தேடுங்கள் என்று கேட்கப் போகிறோம். அங்கே பதில் இல்லையா? சென்னை. அங்கேயும் இல்லையா? டெல்லி!

அடுத்து மௌன அஞ்சலி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. மன்னியுங்கள், என்னால் அதை நடத்த முடியாது. எழுந்திருங்கள். சோபனா வீடு அடுத்த தெருதான். நாம் விடவில்லை என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவோம்.

வாருங்கள்!