மச்சானுக்கு அடித்த ஹாரன்

காபி நன்றாகவே இருக்கிறது, மேடம். போலீஸ் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று ராய்ஸ் சொல்வான். அவன் சொல்வதில் பாதி இப்படித்தான், வாய்க்கு வந்ததுதான்.

ராய்ஸ் என் மனைவி நோரீனின் தம்பி. ஜூலையில் டூசான் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாங்கள் இருவரும் என் பிக்கப் வண்டியில் மின்னலைத் துரத்திக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுவோம். படம் எடுப்பது அவன். வண்டி ஓட்டுவதும் செல்போனில் மழை ரேடார் பார்ப்பதும் நான். கேமராவில் கண்ணை வைத்தவனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. அதற்காக அவனே ஒரு விதி போட்டிருந்தான். நான் ஹாரன் அடித்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு ஓடி வர வேண்டும். அடிக்காதவரை அவன் திரும்பியே பார்க்கமாட்டான். அவ்வளவு நம்பிக்கை.

என்னிடமும் ஒரு கேமரா உண்டு. அதைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ஹாரனை விட்டு வெளியே கால் வைக்க வழியில்லாமல் எத்தனை மழைக்காலம் அந்தப் பெட்டிக்குள் வேர்த்து வழிந்திருப்பேன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

போன மாதம் ஒருநாள் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. வெள்ளம் வரும் என்று நினைத்து, வறண்ட ஓடைக்குள் நின்றிருந்தவனுக்கு ஹாரன் அடித்தேன். ஓடி வந்தான். அவன் வண்டிக் கதவைத் திறக்கும்போது, அந்த வருடத்திலேயே பெரிய மின்னல் மலைமேல் கிளை கிளையாக இறங்கியது. ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலை உணவகத்தில், எங்களைப் போல மின்னல் பின்னால் அலைகிற அத்தனை பேரும் புரிட்டோ தின்றுகொண்டிருந்தார்கள். ராய்ஸ் ஆரம்பித்தான்.

"மச்சானுக்கு மேகத்தக் கண்டாலே வயித்தக் கலக்குது. எங்கக்கா வீட்டுக்குள்ளயே குடை பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்குறாளோ என்னவோ."

"விடுடா. தப்பா கணிச்சுட்டேன்."

"அடுத்த தடவ தண்ணி கண்ணுல பட்டப்புறம் அடி மச்சான். அதுவரைக்கும் கைய மடியில வச்சுக்க."

பரிமாற வந்த பெண் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு ஹாரன் என்றே பெயர். வீட்டில் நோரீனே ஒரு முறை அப்படிக் கூப்பிட்டாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேறொரு ஓடைக்குப் போனோம். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தான கரை. மாடுகள் இறங்கும் சரிவு ஒன்றுதான் ஏறிவர வழி. அதன் மேல்முனையில் வண்டியை நிறுத்தினேன். ராய்ஸ் கீழே மணலில் கேமரா முக்காலியை ஊன்றினான். எங்களுக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. மின்னல் தெற்கே. மழை வடக்கே, அந்த ஓடை பிறக்கிற மலையில். ரேடாரில் அந்த மழை சிவந்து, இன்னும் கனத்து ஊதாவாகி, நகராமல் நின்றது.

மறுபடி தப்பாகிவிடக் கூடாதே என்று பொறுத்துப் பார்த்தேன். நியாயம்தானே?

இடையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் நிறுத்தியது ஏன் என்று கேட்கிறீர்கள். வண்டி புதிது, மேடம்.

பிறகு என் கேமராவை எடுத்தேன். ஓடை வளைகிற இடத்துக்கு ஃபோகஸ் வைத்தேன். ராய்ஸும் படத்துக்குள் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

பாலைவனத்து வெள்ளம் தண்ணீராக வராது. முள், மரக்கிளை, கல், நுரை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு பழுப்புச் சுவராக வரும். இடிச்சத்தத்தில் அது காதில் விழாது. வளைவில் அது தெரிந்தபோதுகூட அவன் சரிவில் ஏறிவர நேரம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஒரு கை ஹாரன் மேல்தான் இருந்தது. ஆனால் கேமராவை ஆடாமல் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

காலடியில் மணல் அதிர்ந்திருக்க வேண்டும், அவன் திரும்பினான். தண்ணீரைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தான். படத்தில் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. எனக்கு அது சிரிக்கிற மாதிரித்தான் தெரிகிறது. நோரீனிடம் காட்டியபோது ஏன் அப்படி அலறினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுவர் அவனைத் தாண்டிப் போனதும் கேமராவை வைத்துவிட்டு, நீளமாக ஹாரன் அடித்தேன். தண்ணீர் கண்ணில் பட்ட பிறகுதான் அடித்தேன், அவன் சொன்ன மாதிரியே. இந்தத் தடவை நான் கணித்தது தப்பவில்லை.