அவன் எழுதின ஃபில்டர்

இல்லம்மா, அவசரப்படாத, உக்காரு. நீ கேட்டதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு வருஷமா நாப்பது கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டும் உன் வீட்டுக்காரனுக்கு ஒரு பதில்கூட வரலன்னா, மெயில் எங்கயோ சிக்கியிருக்குன்னு நீ நினைக்கிறது நியாயந்தான். டீயக் குடி, ஆறிடப்போவுது.

நீ வந்தது அவனுக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சா விட்டிருக்க மாட்டான், ரோஷக்காரன்.

நாங்க ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சதுதாம்மா இந்த மெயில் சர்வர். ஜாவால எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு சும்மா வெளிய விட்டோம். அவன் மூளைக்காரன், ஒத்துக்கிறேன். வாய்தான் ஆகாது. நான் மூணு மாசம் உயிரக் குடுத்து எழுதின புரோகிராம், அதத் தூக்கிப் போட்டாத்தான் இந்த சாஃப்ட்வேர் உருப்படும்னு முந்நூறு பேர் படிக்கிற மெயில் லிஸ்ட்ல எழுதினான். எழுதினதோட விட்டானா, தூக்கியும் போட்டான். பதினோரு பேர் சிரிச்சு பதில் போட்டாங்க. அன்னிக்கு எரிஞ்ச வயிறு எனக்கு இன்னும் அடங்கல.

சண்டை போட்டுட்டுப் போனவன், இந்த சர்வர்ல இருக்குற தன் மெயில் அட்ரஸ மட்டும் விடல. பயோடேட்டால எல்லாம் அதத்தான் போடுறான். தான் உண்டாக்கினதுன்னு காட்டணும்ல? கண்டவனும் கூப்பிடுவான்னு ஃபோன் நம்பர்கூட போடல. ஆனா அந்த மெயிலெல்லாம் வந்து சேர்ற சர்வர் மெஷின் என் ரூம்ல, தோ, அந்த மேசைக்கு அடியில ஓடுது. அத யோசிக்கல பாரு.

அவன் ஒரு ஃபில்டர் எழுதியிருந்தான். விளம்பர மெயில் வந்தா, போய்ச் சேந்துடுச்சுன்னு அனுப்பினவனுக்குச் சொல்லிட்டு, சத்தமில்லாம வேற மெயில் பெட்டிக்குத் தள்ளிடும். அருமையான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. நான் செட்டிங்ஸ்ல கொஞ்சம் மாத்தினேன், அவ்வளவுதான். விளம்பரமெல்லாம் அவனுக்கே போகும், மெயில் வரலியேன்னு சந்தேகம் வரக்கூடாதில்ல. வேலை விஷயமா வர்றது மட்டும் என் பெட்டிக்கு வரும்.

ஏம்மா எந்திரிச்சிட்ட? முழுசாக் கேளு. மூணு கம்பெனிக்காரங்க அவனக் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பழசு, விடு. மூணாவது நேத்துதான் வந்துச்சு. நாளைக்கு நேர்ல பாக்கலாம், இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு சொல்லணும், இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவோம்னு போட்டிருக்காங்க. நீ உள்ள வந்தப்ப மணி நாலு. அதான் உக்கார வச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். இப்ப அஞ்சு அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. இந்தா, பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன், அவன்கிட்ட குடுத்துடு.