கடைசியில் இருந்த சின்னப் பார்ட்டிஷன்

பெங்களூரில் ஈஜிபுராவிலிருந்து ஹெப்பகோடிக்கு தினமும் வருகிறவன் லேட்டானால் யாரும் கோபிக்க மாட்டார்கள், சார். சில்க் போர்டு டிராஃபிக் என்றால் போதும். பத்தொன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்தச் சாக்கைச் சொன்னதில்லை.

எங்கள் மீன் குளிர்கிடங்கில் கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. பன்னிரண்டு அறைக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வெள்ளிக்கிழமை கெடு. பழையது ஒன்றின் டிஸ்க்கை அப்படியே இமேஜாக, அதாவது முழு நகலாகப் பிடித்து, புதியவற்றில் இறக்க வேண்டும். புது டிஸ்க் சிறியது என்பதால் முதலில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியைச் சுருக்க வேண்டும். சுருக்க முடியவில்லை என்று எரர் வந்தது. கம்ப்யூட்டரை முழுசாக நிறுத்தி, டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்தேன். அதே எரர். கடைசியில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அறைகளைக் குளிரவைக்கக் குழாயில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் அறையில் சைரன் அடிக்க வைக்கும் புரோகிராம் அதில்தான் இருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

அனுஷா என்னிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் கிருஷ்ணப்பா எதிரிலேயே சொன்னாள்: "அதத் தூக்கினா சைரன் அடிக்காது, லாயிட் சார். சைரன் கம்பெனிக்காரங்க திங்கக்கிழமை வந்து மாத்திக் குடுப்பாங்க."

"நோடி லாயிட், பாருங்க, பொண்ணு சொல்றதுதான் கரெக்ட்" என்று அவர் சிரித்தார். கெடு திங்களுக்குப் போனது. என் வேலையில் கெடு தள்ளிப்போனது அதுதான் முதல் தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் டீ குடிக்கப் போனதும் அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். இமேஜ் எரர் இல்லாமல் வந்தது. வியாழன் மாலைக்குள் பன்னிரண்டிலும் இறக்கி, பழையவற்றைக் கழற்றிவிட்டு அறைகளில் மாட்டிவிட்டேன். சைரனுக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டதாக அனுஷாவிடம் சொன்னேன். "சூப்பர் சார்" என்றாள். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான்காம் அறையில் வாயு கசிந்தது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நான்கு பேரும் இறந்துபோனார்கள். கதவு பதினைந்து அடி தூரம்தான். இறந்தவர்களில் மங்களம் அக்கா எனக்கு அடிக்கடி புளிசாதம் கொண்டுவந்து தருவார். அவருக்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

அழித்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாலு நாளில் யாருக்காவது ஏதாவது ஆகும் என்று நான் துளியும் நினைக்கவில்லை, சார். என் தங்கை வீட்டுக்காரர் ரெமிஜியஸும் அந்த அறையில்தான் வேலை பார்க்கிறார். அவரைக் கேட்டுப் பாருங்கள். வியாழக்கிழமை ராத்திரியே போன் செய்து, "திங்கக்கிழமை வரைக்கும் லீவு போடுங்க மாப்ளே" என்று சொன்னேன். எதுக்கு என்று கேட்டார்.

சும்மாதான் என்றேன்.