மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை

டீ ஆறிவிடும் மேடம், முதலில் குடியுங்கள். மாமா இப்போதுதான் கண் அசந்திருக்கிறார். உங்கள் பேச்சுப் பயிற்சி முடிந்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார், எழ நேரமாகும். என் மனைவி மருந்துக் கடை வேலை முடிந்து வர சாயங்காலம் ஆகிவிடும். ஆகவே நீங்கள் கேட்டதற்கு நிதானமாகவே பதில் சொல்லலாம்.

பக்கவாதம் வந்த அன்று மாமா கடைசியாக எப்போது பேசினார், என்ன பேசினார் என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் காலை என்று இருக்கும். அது தப்பு. எழுதியவர் மேல் குற்றமில்லை, அப்படிச் சொன்னவன் நான். மாமாவுக்குப் பேச்சு மெல்லத் திரும்புகிறது என்கிறீர்கள், சந்தோஷம். அவர் வாயால் வருவதற்கு முன் என் வாயால் வந்துவிடட்டும் என்று பார்க்கிறேன். நான் சொன்னால் காரணத்தோடு சொல்வேன்.

டிவிக்குப் பக்கத்தில் கறுப்பாக, சாப்பாட்டு டப்பாவை நிமிர்த்தி வைத்தாற்போல் ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டுப் படங்கள், பாட்டு, பத்திரங்களின் நகல் எல்லாம் அதில்தான். வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் அவரவர் போனிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மாமா ஓய்வு பெற்ற வருஷம் வாங்கி வந்தார். சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு கம்பெனிக்காரன் ஒரே வரியில் கைகழுவிவிட்டான்: இந்த மாடலுக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை. புதிய போன்களில் அந்த ஆப் திறக்கவே மாட்டேன் என்றது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போதே செத்துவிட்டான் என்று பெயரை அடித்த கதை. எனக்கு வயிறு எரிந்தது.

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. யாரும் சொந்தம் கொண்டாட முடியாத, எல்லாருக்கும் பொதுவான மென்பொருள். கம்பெனி போட்டதைத் துடைத்துவிட்டு அதைப் போட்டால் அந்தப் பெட்டி இன்னும் பல வருஷம் உழைக்கும். செய்தவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் ஒருவன் இதே மாடலில் செய்து முடித்து, "எனக்கு நன்றாக வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படி என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. அவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

என் பிழைப்பு என்னவென்று மனைவி சொல்லியிருப்பாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ வாங்கிய சாமான் பழுதானதற்கு நான் திட்டு வாங்க வேண்டும். "உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தால் மாமா.

மாமாவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலையில் இருந்தவர். வழக்கு எடுத்ததும் வாசலில் நின்று சம்பந்தப்பட்ட ஆளை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் வரவில்லை என்றால் ஆள் ஆஜராகவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். காலமெல்லாம் அப்படிக் கூப்பிட்ட தொண்டை, வீட்டுக்கு வந்ததும் அடங்குமா? ரிமோட்டைக் காணோம் என்றால் மூன்று முறை. போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் மூன்று முறை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைத் தேட ஒருநாள் மூன்று முறை. மாப்ளே, மாப்ளே, மாப்ளே. தெருமுனைச் சலவைக்காரர்கூட, "உங்களைக் கூப்பிடுறாங்க போலிருக்கே" என்று கிண்டல் செய்யும் அளவுக்கு எங்கள் வீட்டுக் குரல் பிரபலம்.

போகப் போக நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டுக்கு எழுவதில்லை. பாதி நேரம் அதற்குள் தேடியது கிடைத்துவிடும், அவரே நிறுத்திக்கொள்வார். மூன்றாவது வந்தால் போவேன்.

"மூணு தடவை கூப்பிட வேண்டியிருக்கே மாப்ளே" என்று ஒருநாள் குறைப்பட்டார்.

"நீங்கதானே மாமா சொல்லுவீங்க, மூணாவதுக்கு வந்தாப் போதும், கேஸ் தள்ளுபடி ஆகாதுன்னு."

விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவும் நியாயந்தான். ஆஜர் போட்டாச்சு, அந்த ரிமோட்ட எடுங்க." அதற்குப் பிறகு அது எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. ஆகவே இது இருவரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி விஷயம் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. உள்ளிருப்பதை முதலில் வேறு டிஸ்கில் நகல் எடுத்து வைத்தேன். அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு; ஒரு படம்கூடப் போகவில்லை. பிறகு மூடியைக் கழற்றினால், உள்ளே சர்க்யூட் பலகையின் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள். அதில் ஒயர் வைத்து லேப்டாப்போடு இணைத்தால் பெட்டி தனக்குள் பேசிக்கொள்வது திரையில் எழுத்தாக வரும், நாமும் பதில் எழுதலாம். எனக்கு ஈயம் பற்றவைக்க வராது. அதனால் ஒயர்களை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் பெட்டி கண்மூடித் திறக்கும் நேரம் நமக்காகக் காத்திருக்கும். அதற்குள் லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் நம் பேச்சைக் கேட்கும். விட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்று பழைய மென்பொருளுக்கே போய்விடும்.

அந்தக் கண்மூடித் திறக்கும் நேரம் பார்த்துத்தான் ஹாலிலிருந்து மாப்ளே என்று வரும். விரல் நழுவும். திரும்ப அணைத்து, திரும்பப் போட்டு, திரும்ப மாப்ளே. எத்தனை விடுமுறை இப்படிப் போனது என்று கணக்கில்லை. ஒருமுறை திரையில் வந்தது எல்லாம் குப்பை எழுத்து. ஒருமுறை ஒயரை மாற்றிப் பிடித்திருந்தேன். "பேசாமத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்களேன், அது கூடவே குடும்பம் நடத்துறீங்க" என்றாள் மனைவி. மாமாதான் எனக்காகப் பேசினார்: "விடும்மா, எங்க மாப்பிள்ளை கை வெச்சா எதுவும் உயிர் பிழைச்சுக்கும்."

அன்றைக்கு எனக்கு விடுமுறை. மனைவி காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிட்டாள். மாமா ஹாலில் நாற்காலியில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் பின்னறையில் மேஜை மேல் பெட்டியைப் பிரித்து வைத்தேன். நம்பினால் நம்புங்கள், அன்று எல்லாம் கைகூடி வந்தது. எழுத்து சுத்தமாக வந்தது. பட்டனை நேரத்தில் அழுத்தினேன், நின்றது. லினக்ஸ் தற்காலிகமாக உள்ளே ஏறியது. பழையதைத் துடைக்கச் சொன்னேன், துடைத்தது. புதியதை எழுதச் சொன்னேன். திரையில் புள்ளி புள்ளியாக நகர ஆரம்பித்தது. இந்தக் கட்டத்தில் தடங்கல் வந்தால் பெட்டி திரும்ப எழாது, செங்கல்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க யாருக்கு மனசு வரும்?

அப்போதுதான் மாப்ளே என்று கேட்டது. வேளை உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது.

அது வழக்கமான குரல் இல்லை. பல வருஷமாக அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருப்பவன், எனக்குத் தெரியாதா? வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு பேசினால் வருமே, அப்படி இருந்தது. இரண்டாவது முறை இன்னும் மோசம், பாதிதான் வந்தது. பிறகு டம்ளர் உருண்டது. நாற்காலி நகர்ந்தது. தரையில் காலைத் தேய்ப்பது போல் ஒரு சத்தம், விட்டு விட்டு. கை இரண்டும் வேலையாக இருந்ததால் காலால் கதவைச் சாத்தினேன்.

மூன்றாவதுக்குக் காத்திருந்தேன் என்பதும் உண்மை. அது வந்திருந்தால் போயிருப்பேன். வரவில்லை.

எழுதி முடிந்தது. அணைத்துப் போட்டேன். லினக்ஸ் எழுந்து, யார் நீ என்று திரையில் கேட்டது. பெயர் கொடுத்து உள்ளே போனேன். படங்கள் வருகின்றனவா என்று சிலதைத் திறந்து பார்த்தேன், வந்தன. பெட்டிக்குள் இருக்கும் விசிறி மட்டும் பேய் பிடித்தது போல் கத்தியது. புதிய மென்பொருளுக்கு அதை அடக்கத் தெரியவில்லை. உட்கார்ந்து அதற்கு ஒரு கட்டளை எழுதினேன். விசிறி அடங்கிய பிறகுதான் ஹாலிலும் சத்தமே இல்லை என்பது உறைத்தது. கதவைத் திறந்தேன். மாமா ஒருக்களித்துக் கிடந்தார், நினைவு இருந்தது. இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதில் நான் துளியும் தாமதிக்கவில்லை.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. ஒயரை விட்டிருந்தால் பெட்டி செத்திருக்குமா என்றுதானே? உங்களுக்குக் கணினி அவ்வளவு பழக்கமில்லை என்பதால் அந்த இடத்தைக் கொஞ்சம் மழுப்பினேன். மின்சாரம் போனால்தான் செங்கல். ஒயரை விட்டால் ஒன்றும் ஆகாது, பெட்டி தன்பாட்டுக்கு எழுதி முடிக்கும். அந்தக் கட்டத்தில் ஒயர் எனக்குத் திரையில் தெரிவதற்காக மட்டும்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினேன். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அந்தப் புள்ளிகள் நகர்வதையாவது கண்ணால் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் ஓடி வந்தார். "கடைசியா எப்ப நல்லாப் பேசிட்டிருந்தார்? நேரம் ரொம்ப முக்கியம் சார்."

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் என்று சொன்னால், அடுத்த கேள்வி நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதாக இருக்கும். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. மனைவி வேறு கடையிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஒரு டப்பாவை நோண்டிக்கொண்டு மாமனாரைக் கவனிக்காதவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

"காலைல, டாக்டர். வொய்ஃப் வேலைக்குக் கிளம்பும்போது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், முகம் சுருங்கியது. "ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு சார். சில மணி நேரத்துக்குள்ளன்னா போடலாம், பேச்சு திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு. தாண்டிட்டாப் போடக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல பேசினாரா? யாரையாவது கூப்பிட்டாரா? குரல் கேட்டிருந்தாக்கூடப் போதும்."

நர்ஸ் தட்டோடு தயாராக நின்றிருந்தார். மாமா ஸ்ட்ரெச்சரில், எங்கள் பேச்சு கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.

"இல்ல டாக்டர், கூப்பிடவே இல்ல" என்றேன்.

நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டர் மேல் தவறில்லை, அவர் முறைப்படிதான் நடந்தார். நானும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை மேடம். முதலில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன், பிறகு ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். மாமா என்னைப் பார்த்தபடியே இருப்பார். கோபம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், சிரித்துப் பேசிப் பழகியவர். வீடும் அமைதியாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பழகிவிட்டது.

இதை மனைவியிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. வீட்டு மனிதர்களைக் கூப்பிடும் சொற்களை அடுத்த வாரம் தொடங்கலாம் என்று அவளிடம் சொன்னீர்களாம். தண்ணி, பசி, வலி, போதும் என்று உபயோகமான சொற்களாகப் பார்த்துச் சொல்லிக்கொடுங்கள். மகள் பெயரையும் சொல்லிக்கொடுங்கள், அவள் ஆசைப்படுவாள். மாப்பிள்ளை என்பதை மட்டும் விட்டுவிடலாம். அந்தச் சொல்லால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.