ஊரே தலை குனிஞ்ச மதியக்கொடை

வெகு காலத்துக்கு முந்தி, இதே மஞ்சணத்திவிளைக்கு ஒரு வில்லுக்காரி வந்தா. வந்தா, பாடுனா, கதை பாதியில நிக்கையில வில்லைத் தூக்கிட்டு நடையக் கட்டிட்டா. அவ கதைதான் இது. கண்ணால கண்டவன் ஒருத்தனும் இப்ப உசுரோட இல்ல. காதால கேட்டவந்தான் மிச்சம். நானும் கேட்டவந்தான். கூட்டியும் சொல்ல மாட்டேன், கொறச்சும் சொல்ல மாட்டேன்.

வெளியூர்க்காரங்க இருக்கீக, அதனால மொதல்ல எங்க அம்மனைச் சொல்லிருதேன். தாகத்தியம்மன். அவ பொறக்கும்போதே சாமியாப் பொறக்கலை. அசலூர்ப் பொண்ணு. அவ ஊர்ல அம்மை போட்டுச் சனமெல்லாம் செத்துப்போச்சாம். இவ ஒத்தையில நடந்து வந்தா. கடுங்கோடை. எங்க ஊர் எல்லையில மொத வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு வாய் தண்ணி தாங்க"ன்னா. அம்மை கண்ட ஊர்க்காரின்னு தெரிஞ்சதும் படார்னு கதவைச் சாத்திட்டாவ. அடுத்த வீடு, அதுவும் சாத்திட்டாவ. அதுக்கடுத்த வீடு, அதுவும் சாத்திட்டாவ. ஊரையே சுத்திட்டு வந்து வேப்பமரத்தடியில விழுந்து செத்துப்போனா. அப்புறம் மூணு வருசம் இந்தப் பக்கம் மழையே இல்ல. பொறவுதான் புத்தி வந்து, அவளுக்குப் பீடம் போட்டுக் கும்பிட்டாவ. கதவைச் சாத்துனது யாரு? வேற யாரும் இல்ல, எங்க பாட்டன் பூட்டன்தான். மறைச்சு என்ன செய்ய?

அதனால எங்க கொடையில, அதான் அம்மன் திருவிழாவுல, ஒரு நோன்பு உண்டு. மூணு நாள் கொடை. மொத நாள் பாக்கணுமே. நையாண்டி மேளத்துக்கு விசில் என்ன, கரகாட்டத்துக்குக் கூப்பாடு என்ன! ஆனா ரெண்டாம் நாள் மதியக்கொடையில, வில்லுல அம்மன் கதை பாடுவாவ. அவ கதவைத் தட்டுத எடம் வந்ததும் ஊரே தலை குனிஞ்சிரும். அவ செத்த எடத்துல இருந்து, சாமியா எந்திரிச்சு வரம் குடுக்குத எடம் வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கப்படாது. ஒரு சொட்டுத் தண்ணி பல்லுல படப்படாது. முறிச்சவன் குலம் வெளங்காதுன்னு சொல்லுவாவ.

அந்தக் கதையை நாப்பது வருசமா ஒரே அண்ணாவிதான், அதான் வில்லுப்பாட்டு வாத்தியாருதான், பாடுனாரு. அந்த வருசம் பாத்து அவரு படுத்த படுக்கையாயிட்டாரு. கொடைக்கு இருக்கது ஒரே மாசம். யாரைக் கூப்புடன்னு ஊர் கூடி யோசிச்சு, கடக்கரைப் பக்கம் ஆவுடைத்தாய்னு ஒருத்தி இருக்கான்னு கேள்விப்பட்டு, அவளுக்கு வெத்தலை பாக்கு அனுப்புனாவ.

ஆவுடைத்தாய் புருசன் அண்ணாவி. அவன் செத்து ரெண்டு வருசம். புருசன் உக்காந்த எடத்துல இவ உக்காந்துட்டா. இவ வில்லை அடிக்க, கொழுந்தன் மந்திரம் கொடம் அடிச்சுக்கிட்டே "ஆமா" போடுவான். பொம்பள வில்லடிக்கது அந்தக் காலத்துல லேசுல இல்ல பாத்துக்கிடுங்க. வெத்தலை வந்த அன்னைக்கு மந்திரம் சொன்னானாம்:

"மதினி, போற எடமெல்லாம் சனம் ஒன்ன வேடிக்கை பாக்க வருது, பாட்டுக் கேக்க வரலை. இது வில்லுக்குப் பேர்போன ஊரு. இந்த ஊர்க்காரன் ஒத்துக்கிட்டான்னா நாம பொழச்சோம். இல்லேன்னா வில்லு நாணை அவுத்துப் பரண்ல போடு. நான் உப்பளத்துக்குப் போறேன்."

"சரி மந்திரம். இந்த ஊரு சொல்லுததுதான் தீர்ப்பு. புடிக்கலைன்னுட்டா நான் வில்லைத் தொடவே மாட்டேன்"னாளாம் அவ.

கதை எழுதுன ஏட்டை ஊரு குடுத்துவிட்டுது. ஏட்டுல கதை இருந்துது, நோன்பு இல்ல. பூசாரி சொல்லியிருப்பாருன்னு ஊர்த் தலைவரு பெரியதனம் இருந்துட்டாரு. பெரியதனம் சொல்லியிருப்பாருன்னு பூசாரி இருந்துட்டாரு. ஊருக்கே தெரிஞ்சதைத் தனியா ஒருத்தன் போய்ச் சொல்லுவானாக்கும்?

இதுல இன்னொண்ணும் இருக்கு. ஆவுடைத்தாய் ஊர்ப் பக்கம் வேற வழக்கம். பாட்டு புடிச்சா பொம்பளைக குலவை போடும், ஆம்பளைக துண்டைச் சுத்துவாவ. புடிக்கலைன்னா ஏச மாட்டாவ, கல்லெறிய மாட்டாவ. பாடுதவன் மூஞ்சியப் பாக்காமத் தலையைக் குனிஞ்சுக்கிடுவாவ. "போதும், நிறுத்திக்கோ"ன்னு அர்த்தம். ரொம்ப மரியாதைக்காரங்க!

மதியக்கொடை வந்துது. வேப்பமரத்தடியில வில்லு வச்சாச்சு. சனம்னா சனம், எள்ளு போட்டா எள்ளு விழாது. ஆவுடைத்தாய் குருவைக் கும்பிட்டு, காப்புப் பாடி, கதையை எடுத்தா. முன்வரிசையில பெரியதனம் தளவாய். கடா மீசை. இந்தத் தளவாய் எனக்குப் பூட்டன். அதுக்காக நான் ஒண்ணும் ஏத்திச் சொல்லலை, ஆளு மீசை அப்படி. அவரு தொடையில தட்டித் தாளம் போட்டுக்கிட்டு இருந்தாரு. ஆவுடைத்தாய் கண்ணு அந்தக் கை மேலதான். அந்தக் கை தட்டத் தட்ட இவளுக்குத் தெம்பு ஏறுது. மந்திரமும் "ஆமா! ஆமா!"ன்னு கொடத்தை வெளுத்து வாங்குதான்.

அம்மை போட்ட ஊரை விட்டுப் பொண்ணு நடந்து வாரா. வாரா, வாரா, எல்லைக்கு வந்துட்டா. கதவைத் தட்டுதா.

"கதவைத் தொறங்கம்மா, காலு நடக்கலையே,
ஒரு வாய் தண்ணி தந்தா ஒங்க கொடி தழைக்குமே"

இவ இதைப் பாடுனாளோ இல்லையோ, தளவாய் கை நின்னுபோச்சு. தலை பொத்துனு குனிஞ்சுது. அவருக்குப் பின்னால ஒரு வரிசை குனிஞ்சுது. அதுக்குப் பின்னால ஒரு வரிசை. நெல்லுக் கதிர் காத்துக்குச் சாயுத மாதிரி ஊரே சாஞ்சுபோச்சு.

பாட்டு புடிக்கலைன்னு ஆவுடைத்தாய் அவ ஊர் வழக்கப்படி எடுத்துக்கிட்டா. நல்லாத்தானே கேட்டாவ, என்ன குத்தம் செஞ்சோம்? தாளம் தப்பிட்டோ? சுருதி எறங்கிட்டோ? குரலை ஒசத்துனா. தலை இன்னும் தாழ்ந்துது. உருக்கமா, மெதுவா எறக்கிப் பாடிப் பாத்தா. அதுக்கும் தாழ்ந்துது. இவ ஒசத்த ஒசத்த அவ்வோ தாழ, இவ எறக்க எறக்க அவ்வோ தாழ. போராதுன்னு நடுவுல ஒரு சிரிப்பு வசனம் வேற போட்டாளாம். புருசன் காலத்துல அந்த வசனத்துக்குச் சிரிக்காத ஊரே கெடையாதாம். இங்க ஒரு பல்லு தெரியலை. எழவு வீட்டுல வந்து சிரிப்புக் காட்டுனா எவன் சிரிப்பான்? அது அவளுக்குத் தெரியாதே, பாவம்.

அப்படியே தட்டுத்தடுமாறிப் பொண்ணு சாகுத எடத்தைப் பாடி முடிச்சா. பொம்பளைக எல்லாம் முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடுச்சு. ஆம்பளைக துண்டைப் போட்டு மூடுனாவ. கொடத்துச் சத்தம் ஓஞ்சதும் அப்படி ஒரு அமைதி.

மூஞ்சியையே மூடிட்டாவளேன்னு அவளுக்கு ஈரக்கொலை அந்துபோச்சு. கையில இருந்த, வில்லை அடிக்குத வீசுகோலைக் கீழ வச்சுட்டா.

"மதினி, என்ன செய்யுத? கதை சாவுல நிக்கு. சாவுல நிறுத்தப்படாது!"

"கேக்க ஆளில்லாத கதைக்கு முழுசு என்ன, பாதி என்ன? எந்திரி. வண்டியப் பூட்டு."

சபையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டா. "பெரியவங்க பொறுத்துக்கிடணும். எனக்கு இவ்வளவுதான் வரும்"னு சொல்லிட்டு, வில்லை வண்டியில ஏத்திட்டா.

இப்ப ஊருக்கு வந்துது பாருங்க ஒரு கேடு. அம்மன் செத்துக் கெடக்கா. அவளை எழுப்ப வேண்டியவ எழுப்பாமப் போறா. ஏ தாயி, நில்லுன்னு கத்தணும். கத்தலாமா? நோன்பு! ஒருத்தன் வாயத் தொறக்கப்படாது. சனம் மொத்தமும் எந்திரிச்சு வண்டிக்குப் பின்னால ஓடுது. தளவாய் முன்னால ஓடிக் கையை ஆட்டுதாரு. "போகாத, போகாத"ன்னு அவரு ஆட்டுதாரு. "போ, போ"ன்னு அவளுக்குத் தெரியுது.

"மதினி, எல்லை தாண்டி வெரட்டுதானுவ! அடிக்காம விட மாட்டானுவ போலுக்கு"ன்னு மந்திரம் மாட்டை முடுக்குதான். மாடா ஓடும் அந்த வெயில்ல? அது பாட்டுக்கு அசைஞ்சு அசைஞ்சு போகுது. உச்சி வெயில்ல, வாயை மூடிக்கிட்டு, ஒரு ஊரே வண்டிக்குப் பின்னால நடந்து வருது. அப்படி ஒரு ஊர்வலம் அதுக்கு முந்தி எந்த ஊர்லயும் நடந்ததில்ல.

ஊர்க் கடைசி வீடு வந்துது. ஆவுடைத்தாய்க்குத் தொண்டை காஞ்சு நாக்கு ஒட்டிப்போச்சு. அவ்வளவு நேரம் பாடுன தொண்டை.

"நிறுத்து மந்திரம். அடிச்சா அடிக்கட்டும். தண்ணி குடிச்சுட்டு அடி வாங்குதேன்"னு எறங்கிட்டா. எறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டுனா. வீட்டுல யாரு இருப்பா? எல்லாரும் வண்டிக்குப் பின்னால இல்லா! இவ தட்டுதா.

"உள்ள யாரு? ஒரு வாய் தண்ணி தாங்க."

பின்னால வந்த சனம் அப்படியே அடிச்சு வச்ச மாதிரி நின்னுபோச்சு. ஏன்னா, வெளிய போறவளுக்குக் கடைசி வீடு, உள்ள வாரவளுக்கு மொத வீடு. அந்தப் பொண்ணு மொத மொதல்ல தட்டுன கதவு அதுதான். அது தளவாய் வீடு.

அவ தட்டுதா, கதவு சாத்திக் கெடக்கு. தளவாய் சனத்தை வெலக்கிட்டு ஓடி, கதவைத் தள்ளி, உள்ள போய்ச் செம்பு நெறையத் தண்ணி கொண்டாந்து நீட்டுனாரு. வாயத் தொறக்கலை, தலை குனிஞ்சிருக்கு.

அவ வாங்கலை.

"தலை குனிஞ்சுகிட்டுக் குடுக்குத தண்ணி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லுங்க. பாட்டு புடிச்சுதா, புடிக்கலையா? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நான் வில்லை அவுத்து வச்சுட்டுப் போயிருதேன். சொல்லாம இந்தத் தண்ணியைத் தொட மாட்டேன்."

தளவாய் நிக்காரு. பேசுனா நோன்பு முறிஞ்சுது, குலம் வெளங்காது. பேசலைன்னா? இந்த வாசல்ல, தண்ணி கேட்ட ஒரு பொம்பள, நாக்கு வறண்டு திரும்பிப் போவா. ரெண்டாந்தடவை.

வாயத் தொறந்துட்டாரு.

"தாயி, நீ பாடுனது எங்க பாட்டன் செஞ்ச பாவம். அதுக்கு நான் எப்படித் தலையாட்டுவேன்? குனியத்தானே முடியும்? நாப்பது வருசமாக் கேக்கேன். இன்னைக்குத்தான் அந்தக் கதவைச் சாத்துன சத்தம் என் காதுல விழுந்துது. குடி தாயி. குடிச்சுட்டு அவளை எழுப்பு."

சொல்லிட்டுத் தலையைத் தூக்குனாரு. மீசையெல்லாம் கண்ணீரு. அப்பத்தான் ஆவுடைத்தாய் சனத்தைத் திரும்பிப் பாத்தா. துண்டை எடுத்த மூஞ்சி, முந்தானை வெலகுன மூஞ்சி, ஒண்ணு பாக்கி இல்ல, அம்புட்டும் அழுத மூஞ்சி.

அவளுக்கும் பொங்கிக்கிட்டு வந்துட்டு. செம்பை வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சா. குடிச்சுட்டு, "மந்திரம், எறக்குடா வில்லை"ன்னா. அந்த வாசல்லயே, அந்தப் புழுதியிலயே உக்காந்து, மிச்சக் கதையைப் பாடுனா. அம்மன் எந்திரிச்சா. வரம் குடுத்தா. ஊர்ப் பொம்பளைக குலவை போட்டதுல மாடு மெரண்டு வண்டியை இழுத்துக்கிட்டு ஓடிப்போச்சாம். அப்புறம் நாலு பேரு போய்ப் புடிச்சுட்டு வந்தாவளாம்.

தளவாய் நோன்பை முறிச்சது சரியா தப்பான்னு மறுநாளே ஊர் கூடிப் பேசுனாவ. பாதிப்பேரு சரின்னாவ, பாதிப்பேரு தப்புன்னாவ. இன்னும் அது முடிவாகலை. அந்த வருசம் மழை பெஞ்சுதான்னு கேப்பீக. பெஞ்சுது. எப்பவும் பெய்யுத அளவுதான். தளவாய் குலம் வெளங்குச்சான்னு கேட்டா, இந்தா ஒங்க முன்னால உக்காந்து பேசிக்கிட்டுல்லா இருக்கேன். மந்திரம் உப்பளத்துக்குப் போகலை. ஆவுடைத்தாய் அதுக்கப்புறம் இருவத்திரெண்டு கொடை பாடுனா.

இப்பவும் அப்படித்தான். அம்மன் சாவு வரைக்கும் வேப்பமரத்தடியில பாட்டு. பொறவு வில்லுக்காரங்க எந்திரிச்சு நடப்பாவ, ஊரு பேசாமப் பின்னால வரும். எங்க வீட்டுக்கு வந்து தண்ணி கேப்பாவ. வீட்டுல மூத்தவன் செம்பை நீட்டி, "குடிச்சுட்டு அவளை எழுப்பு"ன்னு சொல்லணும். பதினாறு வருசமா நான்தான் சொல்லுதேன். சின்ன வசனந்தான்.

ஆனா தட்டுததுக்கு அங்க கதவு கெடையாது, நிலையைத்தான் தட்டணும். அன்னைக்குச் சாயங்காலமே தளவாய் கதவைக் கழத்திட்டாரு. மாத்துக் கதவும் போடலை, போடவும் விடலை. கழத்துன கதவை வேப்பமரத்தடிக்குச் சொமந்துட்டுப் போய் ஆவுடைத்தாய் முன்னால போட்டு, "இனிமே இதுல உக்காந்து பாடு தாயி"ன்னாரு. வில்லுக்காரங்க இன்னைக்கும் உக்காருத பலகை அதுதான்.