கொண்டைக்காரி

…ரெண்டு நிமிஷங்க. ரெண்டே நிமிஷம் பாத்தார் அந்தக் கண்காட்சி நடுவர். எட்டு மாசம் சோறு தண்ணி பாக்காம வளத்த கோழிய! தலைய ஆட்டாதீங்க, இப்பதான் முன்முடிக்கு வந்திருக்கேன். கண்ணாடில படம் ஒட்டியிருக்கே, அவதான். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கொண்டை. பூ வெச்சிருக்காளான்னு கேட்டீங்களே, பூ இல்லைங்க, எல்லாம் இறகு. பொறப்பே அப்படித்தான்.

எங்க நாத்தனார் இருக்காளே, வருஷா வருஷம் கோழிக் கண்காட்சில கோப்பை வாங்குவா. ஆறு கோப்பை. நான் போனா ஒரு வாய் தண்ணி தர மாட்டா, துணிய எடுத்து கோப்பையத் தொடைப்பா. நானும் வளக்கறேன்னு ஒரு நாள் வாயத் தொறந்துட்டேன். சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடி, "நீ முடி வெட்டறதோட நிறுத்திக்க"ன்னுட்டா. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன், ஒரு கோப்பையாவது வாங்கி அவ மூஞ்சிக்கு நேரா தொடைக்கணும்னு.

எந்த ரகம்னு தேர்ந்தெடுக்கவே ஒரு மாசம். எங்க வீட்டுக்காரர் செவப்பா, பெருசா ஒண்ணக் காட்டினார். அது தின்ற தீனிக்கு அவரே தோத்தார். கால் பூரா இறகு இருக்கற ரகம் ஒண்ணு, சாக்ஸ் போட்ட மாதிரி, அழகுதான். ஆனா எங்க வீட்டுப் பின்பக்கம் எப்பவும் ஈரம், தினம் காலக் கழுவி விடணும். புள்ளைங்களுக்குக் கழுவி ஓஞ்சே இப்பதான் நிமிர்ந்திருக்கேன். உசரமா நெஞ்ச நிமித்திட்டு எல்லாத்தையும் கொத்தற ரகம் ஒண்ணு… வேணாம், குடும்பத்துல நாத்தனார் ஒருத்தி போதும்.

அப்புறம் இவளப் பாத்தேன். தலை நெறைய முடி… அதாவது இறகு. என் கை தானா சீப்பத் தேடுச்சு. நம்ம தொழிலுக்கேத்த கோழின்னு அப்பவே கையோட தூக்கிட்டு வந்துட்டேன். வித்தவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார்… அது கெடக்கட்டும். குளிப்பாட்ட குழந்தைங்க ஷாம்பூ, மூணு அலசு, காய வெக்க இதோ இந்த டிரையர்தான். ஏன் மூஞ்சச் சுளிக்கறீங்க, தொடச்சு வெச்சுட்டேன்.

கண்காட்சில நடுவர் இவளத் தூக்கினார், இறக்கைய விரிச்சார், சிரிச்சார்கூட. அப்புறம் கொண்டைய விரலால விலக்கினார்.

"கத்தரி பட்டிருக்கு. போட்டியில சேராது."

அவ்வளவுதான், போயிட்டார். பக்கத்துக் கூண்டு நாத்தனாரோடது. ஏழாவது கோப்பை! அந்தாளுக்குக் கண்ணு சரியில்லன்னேன். நாத்தனார் ஏதோ காதுல போட்டிருப்பான்னேன். கோழிய வித்தவரையும் விடல. நீங்களும் அப்படித்தான நெனைக்கறீங்க? கண்ண மூடிக்கங்க, முடி விழும்.

சரி… உங்ககிட்ட என்ன மறைக்கறது. வித்தவர் சொன்னது அதத்தான். கொண்டை கண்ண மறைக்கும், ரப்பர் பேண்டால தூக்கிக் கட்டு, கத்தரி மட்டும் வெக்காத, போட்டியிலேர்ந்து தூக்கிடுவாங்கன்னார். கட்டினேங்க. அரை மணில ஒதறித் தள்ளிடுவா. கண்காட்சிக்கு முந்தின நாள் குளிப்பாட்டிக் கீழ விட்டேன். செவுத்துல முட்டறா, தண்ணிக் கிண்ணத்துக்குள்ள கால விடறா. வாடின்னு கூப்பிட்டா குரல் வர்ற பக்கம் தலையத் திருப்பறா, ஆள் தெரியல. மனசு கேக்கல. ரெண்டே வெட்டு, அரை விரல்கடை. நான் வெட்டின எடம் எவனுக்குத் தெரியப்போவுதுன்னு ஒரு திமிரும்தான். நிமிர்ந்து என்னைப் பாத்தா பாருங்க… கொண்டை வளந்து கண்ண மூடினப்புறம் மொத தடவ என் மூஞ்சிய முழுசாப் பாத்தா. நேரா ஓடி வந்து மடில ஏறிட்டா. அழுதுட்டேங்க.

முடிஞ்சுது, கண்ணத் தொறங்க. பாருங்க, எவ்வளவு… நீங்க எவ்வளவு வெட்டச் சொன்னீங்க? நுனி மட்டுமா? ஐயோ… இருங்க, துண்டோட எந்திரிக்காதீங்க. கதவு இழுத்தா தொறக்கும், தள்ளாதீங்க. கோவமாப் போங்க, பரவால்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க… இப்ப கண்ணு நல்லாத் தெரியுதா இல்லையா?