வெள்ளிக்கிழமை வெளியாட்கள்

– யாரது? தட்டுறியா, கதவைப் பேத்து எடுக்குறியா?

– கும்பிடறேன் ஐயா. வைத்திக்குப்பம் மணியம்மாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளியாளுங்களும் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து பூதக்கண்ணாடியில பாக்கலாம்னு தமுக்கு அடிச்சாங்களே…

– அடிச்சாங்க. ஆனா…

– பிரெஞ்சுக்காரன் ஆண்டப்ப கேட்டுக்குக் கிட்டவே நிக்க விடமாட்டான். இப்ப உள்ளயே வந்துட்டேன் பாருங்க!

– அதான் வந்துட்டியே. கூடையில என்னா? நாத்தம் தூக்குது.

– கருவாட்டுக்கு வாசம்னு சொல்லணும் ஐயா. நீங்கதான் இங்க ஆபீசரா?

– நானா… ஆங்… டாக்டர் ஐயா சாப்பிடப் போயிருக்காரு. என்னா வேணும், சொல்லு.

– இதப் பாருங்க. வஞ்சிரம். உப்பு போட்டுக் காயவெச்சேன். மேல குங்குமம் கொட்டினாப்ல செவந்துபோச்சு.

– ம்… எப்பலேருந்து?

– புது உப்பு வந்ததுலேருந்து.

– உப்பு மேல ஏன் பழி போடற? மீனு பழசா இருந்திருக்கும்.

– காலையில வலையில துள்ளின மீனு! உப்பு மண்டிக்கார மொதலாளியும் இதையேதான் சொல்லி அனுப்பினாரு. என் கை சுத்தமில்லையாம்.

– அவரு… நேர்லயா சொன்னாரு?

– அவரு மூஞ்சியையே நான் பாத்ததில்ல. வண்டிக்கார குப்பன்தான் வருவாரு. மூட்டையையும் எறக்குவாரு, சேதியையும் எறக்குவாரு.

– சரி, சொன்னா சொல்லிட்டுப் போறாரு. வேற எடத்துல உப்பு வாங்கேன்.

– அந்த ஒரு சொல்லு குப்பம் பூரா பரவிடுச்சு ஐயா! கருவாடு காயவெக்கிற பொதுக்களத்துல எனக்கு எடமில்லைன்னுட்டாங்க. என் கை பட்டா அவங்க மீனும் செவந்துடுமாம். பக்கத்துல காயவெக்கிற தனக்கொடி என் பாயைச் சுருட்டி வெளிய வீசிட்டா. களம் இல்லேன்னா நான் எங்க போய்க் காயவெப்பேன்?

– உக்காரு. எதையும் தொடாத. அந்தச் செவப்பைக் கொஞ்சம் சுரண்டிக் குடு… உப்புத் தண்ணியிலதான் கரைக்கணும். வெறுந்தண்ணி பட்டா அதுங்க வெடிச்சுடுமாம்.

– எதுங்க?

– நீயே பாரு. ஒரு கண்ணை மூடிக்கோ. அட, ரெண்டையும் மூடினா?

– இருட்டா இருக்கே…

– தலையைக் கொஞ்சம் தூக்கு. வெளிச்சத்தை மறைக்கிறியே!

– அய்யே! குச்சி குச்சியா நெளியுது! உசுரோட இருக்கு!

– அதான் உன் செவப்பு.

– இத்தினி உப்புல எப்படிய்யா பொழைக்குது?

– உப்பு இல்லேன்னாதான் செத்துடும். டாக்டர் சொன்னாரு.

– பக்கத்துல இன்னொரு கண்ணாடித் துண்டு இருக்கே, அது?

– அது வேற. அதைத் தொடாத.

– ஒருவாட்டி ஐயா, பாத்துட்டுக் குடுத்துடறேன்.

– ஏய், வேணாம்னு சொல்றேன்ல…

– வெச்சுட்டேனே! அட… அதே குச்சி! இது யாரு வீட்டு மீனு?

– மீனு இல்ல.

– பின்ன?

– மூட்டைக்கு அடியில கசிஞ்ச உப்புத் தண்ணி. ரோஸா இருந்துச்சு.

– மீனே படாத தண்ணியா?

– படாத தண்ணிதான்.

– அப்ப என் கையில இல்ல! உப்புலதான் இருக்கு! ஐயா, ஒரு நடை களத்துக்கு வந்து இதை மட்டும் சொல்லிடுங்க. ஆபீசர் சொன்னா கேப்பாங்க.

– நான்… நான் வரமுடியாது.

– ஏன்?

– எனக்கு வேல இருக்கு.

– இந்தக் கருவாட்டுப் பொம்பளைக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரமில்லையா?

– அதில்ல மணியம்மா… நான் ஆபீசரே இல்ல. நானும் தமுக்குச் சத்தம் கேட்டு வந்த வெளியாளுதான். அந்த மண்டிக்கார சக்கரபாணி நான்தான். புது உப்பு மேல எனக்கே சந்தேகம். யாருக்கும் தெரியாம பாத்துட்டுப் போயிடலாம்னு… தப்புதான். உன் மேல பழி போட்டிருக்கக் கூடாது.

– இதையேதான் களத்துல சொல்லணும். எழுந்திரிங்க மொதலாளி, வண்டி நிக்குது… நீங்க உள்ள இருக்கீங்கன்னு வாசல்ல குப்பன் சொன்னப்புறந்தானே நான் கதவையே இடிச்சேன்!